நாலாம் ஸ்டேஜில் கத்தி வைக்கலாமா?

2021 செப்டம்பரில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளிக்கு வயது 54. சிகரெட் பழக்கம் இல்லாத தொழிலாளி. 2020 தொடக்கத்தில் இருமலும் சளியும் வந்தபோது கொரோனா என்றுதான் நினைத்தார். இருமலில் ரத்தம் வந்த பிறகே நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது முதல் ஸ்டேஜ். பெருந்தொற்றுக் குழப்பத்தில் சிகிச்சை தள்ளிப்போனது. கீமோவுக்கும் கட்டுப்படாமல் நோய் இரண்டு நுரையீரலிலும் பரவி நாலாம் ஸ்டேஜுக்குப் போய்விட்டது.

அறுவை சிகிச்சை நிபுணர் அங்கித் பரத் தலைமையிலான குழு அவருடைய இரண்டு நுரையீரல்களையும் ஒரே சமயத்தில் வெளியே எடுத்தது. ரத்த ஓட்டத்தையும் மூச்சையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது. மூச்சுக்குழாய்களையும் நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தையும் கழுவிச் சுத்தம் செய்த பிறகே தானமாகக் கிடைத்த புது நுரையீரல்களைப் பொருத்தினார்கள். பழைய நுரையீரலில் இருந்து ஒரு புற்றணுகூடப் புது நுரையீரலுக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. ஆறு மாதத்துக்குப் பின், உடம்பில் புற்றுநோயின் தடயம் இல்லை என்று மருத்துவமனை அறிவித்தது.

இப்படியொரு செய்தியைப் படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது? புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் மகன்களும் மகள்களும் மருத்துவரிடம் கேட்பது இதைத்தான்: "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை சார், ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியாதா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவின் கவலை வேறு: "கத்தி மட்டும் வச்சிடாதீங்க. காத்து பட்டா பரவிடும்."

சித்தப்பாவுக்குப் பதில் சுலபம். காற்று பட்டுப் புற்றுநோய் பரவுவதில்லை. நல்ல ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் நெஞ்சைத் திறந்து பார்ப்பார்கள். நோய் ஏற்கெனவே எங்கும் பரவியிருக்கும். அப்படியே மூடித் தைத்துவிடுவார்கள். சில மாதங்களில் நோயாளி இறந்துபோவார். கத்தி வைத்ததால்தான் இப்படி ஆனது என்று ஊர் சொல்லும். நம்பிக்கை அப்படி வேரூன்றியது.

மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் கஷ்டமானது. நாலாம் ஸ்டேஜில் பெரும்பாலானவர்களுக்குக் கட்டியை எடுக்கும் ஆபரேஷனால் பயன் இல்லை. ஒரு சிறு பகுதியினருக்கு உண்டு. சிகாகோ நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நோய் இரண்டு நுரையீரல்களைத் தாண்டி வேறெங்கும் போகவில்லை. மற்ற சிகிச்சைகள் எல்லாம் கைவிட்டிருந்தன. கல்லீரலிலோ எலும்பிலோ மூளையிலோ ஒரு புள்ளி இருந்திருந்தாலும் அந்த ஆபரேஷன் நடந்திருக்காது. மாற்று நுரையீரல் பொருத்தினால் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். எங்கோ ஒளிந்திருக்கும் புற்றணுவுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. நாலாம் ஸ்டேஜுக்கு இந்த மாற்று அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்.

கத்தி ஒதுங்கி நின்ற காலம்

நுரையீரல் புற்றுநோய்க்கு முதன்முதலில் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே தடவையில் எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம். 1933 ஏப்ரலில் நடந்தது அது. நோயாளியும் ஒரு மருத்துவர்தான், பிரசவம் பார்ப்பவர். அவர் அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கிரஹாமோ நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். சிகரெட்டுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார், பிறகு சிகரெட்டையும் விட்டார். ஆனால் 1957-ல் அதே புற்றுநோய்க்குப் பலியானார். கண்டுபிடித்தபோது இரண்டு நுரையீரலிலும் இருந்தது. தான் உலகுக்குக் கொடுத்த ஆபரேஷன் தனக்குப் பயன்படாத நிலை.

காரணம் எளிது. கட்டியிலிருந்து பிரியும் அணுக்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறிப் போகின்றன. மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆகியவை நுரையீரல் புற்றுநோய் வழக்கமாகப் போய் இறங்கும் இடங்கள். ஸ்கேனில் நான்கு தெரிந்தால், தெரியாமல் இன்னும் பல இருக்கலாம். அந்த நான்கையும் வெட்டி எடுத்து என்ன ஆகப்போகிறது? வெட்டிய புண் ஆறும்வரை கீமோவையும் தள்ளிப்போட வேண்டும். அந்த இடைவெளியில் நோய் முந்திக்கொள்ளும். அதனால், பரவிவிட்டால் மருந்து மட்டும்தான், கத்தி கிடையாது என்பது பல பத்தாண்டுகள் பாடநூல் விதியாக இருந்தது.

மூளையில் விழுந்த முதல் ஓட்டை

அந்த விதியை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் கென்டக்கி பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ராய் பேட்செல். மூளையில் ஒரே ஒரு கட்டி மட்டும் பரவியிருந்த 48 பேரை அவர் குழு சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தது. பலருக்கும் புற்றுநோய் தொடங்கியது நுரையீரலில்தான். ஒரு பிரிவுக்கு ரேடியேஷன் மட்டும். இன்னொரு பிரிவுக்கு மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷன். 1990-ல் முடிவு வெளியானது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 15 வாரம் வாழ்ந்தார்கள், ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள் 40 வாரம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு. பிறர் உதவியில்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்த காலம் முதல் பிரிவில் 8 வாரம், இரண்டாம் பிரிவில் 38 வாரம்.

அதே ஆய்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு தகவல் உண்டு. முதலில் சேர்க்கப்பட்டவர்கள் 54 பேர். சதையை எடுத்துச் சோதித்தபோது அதில் 6 பேருக்கு மூளையில் இருந்தது பரவிய புற்றுநோயே இல்லை. சிலருக்கு மூளையிலேயே தோன்றிய வேறு கட்டி, சிலருக்குத் தொற்றோ அழற்சியோ. ஒன்பது பேரில் ஒருவருக்கு ஸ்கேன் பொய் சொல்லியிருக்கிறது! அன்றைய ஸ்கேனைவிட இன்றைய எம்.ஆர்.ஐ. பல மடங்கு துல்லியம் என்றாலும், சதைப் பரிசோதனை இல்லாமல் யாரையும் நாலாம் ஸ்டேஜ் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்ற பாடம் மாறவில்லை.

1995-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஹெல்மனும் ரால்ஃப் வைக்ஸல்பாமும் இந்த அனுபவங்களுக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்கள். பரவாத நோய், எங்கும் பரவிய நோய் என்று இரண்டே கட்டங்கள் இருப்பதாக ஏன் நினைக்க வேண்டும்? நடுவில் ஒரு நிலை இருக்கலாம். சில இடங்களுக்கு மட்டும் போய், அங்கேயே நிற்கும் நிலை. எண்ணக்கூடிய அளவில் இருப்பதை ஒவ்வொன்றாக ஒழித்துவிட்டால் சிலருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கலாம் என்றார்கள். 'ஆலிகோ மெட்டாஸ்டாசிஸ்' என்று மருத்துவர்கள் ஃபைலில் எழுதுவது இந்த நிலையைத்தான். 2019-ல் ஐரோப்பிய நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு வரையறை வகுத்தார்கள்: அதிகபட்சம் ஐந்து இடங்கள், மூன்று உறுப்புகள்.

இந்த நிலையில் உள்ளவர்களில் யாருக்கு நல்ல பலன் என்பதை 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தெளிவாகக் காட்டியது. ஒன்று முதல் ஐந்து இடங்களில் பரவி, எல்லா இடத்திலும் ஆபரேஷனோ ரேடியேஷனோ பெற்ற 757 பேரின் விவரங்களைத் தனித்தனியாக அலசினார்கள். நுரையீரல் கட்டிக்குச் சிகிச்சை முடிந்து, சில காலம் கழித்துப் பிறகு எங்காவது ஒன்று தலைகாட்டியவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் கிட்டத்தட்ட 48 சதவீதம். நுரையீரல் கட்டியும் பரவிய கட்டியும் ஒரே நேரத்தில் தெரிந்து, ஆனால் நெஞ்சுக்குள் நெறிக்கட்டி இல்லாதவர்களில் 36 சதவீதம். ஒரே நேரத்தில் தெரிந்து நெறிக்கட்டியும் இருந்தவர்களில் 14 சதவீதம்தான். அட்ரீனல் சுரப்பியில் மட்டும் பரவியவர்களைப் பற்றி 2008-ல் வெளியான இன்னொரு தொகுப்பும், சுரப்பியை எடுத்துவிட்டால் நான்கில் ஒருவர் ஐந்தாண்டு வாழ்ந்ததாகச் சொன்னது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் முடித்துவிடக்கூடிய ஆபரேஷன் அது.

நாலாம் ஸ்டேஜ் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வித்தியாசம். ஸ்டேஜ் வகைப்படுத்தும் உலக அட்டவணையே நெஞ்சுக்கு வெளியே ஒரு கட்டி மட்டும் உள்ளவர்களைத் தனிப் பிரிவாக இன்று வைத்திருக்கிறது.

49 பேர் ஒரு பக்கம், 215 பேர் மறுபக்கம்

இந்த எண்களைக் கேட்டு மகிழ்வதற்கு முன் ஒரு குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். இவர்கள் ஆபரேஷனால் நீண்ட நாள் வாழ்ந்தார்களா, நீண்ட நாள் வாழக்கூடியவர்களாகப் பார்த்து ஆபரேஷன் செய்தார்களா? வயது குறைவு, உடம்பு திடம், நோய் மெதுவாக நகரும் குணம் எல்லாம் இருந்தால்தான் அறுவை மருத்துவர் சம்மதிக்கிறார். அப்படிப்பட்டவர் கத்தி படாமலேயே நான்கைந்து ஆண்டு இருந்திருக்கலாம். பழைய மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டி எழுதும் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த ஓட்டை உண்டு.

அதை அடைக்க ஒரே வழி, குலுக்கல் முறைச் சோதனை. டேனியல் கோமஸ் தலைமையில் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் உள்ளிட்ட மருத்துவமனைகள் அதைச் செய்தன. மருந்தில் நோய் அடங்கிய பின் மூன்று இடங்களுக்கு மேல் மிச்சமில்லாத 49 பேர். மிச்சத்தை ரேடியேஷனாலோ கத்தியாலோ ஒழித்தவர்களுக்கு நோய் மறுபடி வளர சராசரியாக 11.9 மாதம் ஆனது. மருந்து மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 3.9 மாதம். வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2016-ல் வந்த முடிவு இது. 2019-ல் ஆயுள் கணக்கும் வந்தது: 41.2 மாதம், 17 மாதம். உலகம் முழுக்கப் புற்றுநோய் மாநாடுகளில் இந்த வரைபடத்தைக் காட்டாதவர்கள் இல்லை.

ஆனால் 49 பேர் என்பது ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஒரு வகுப்பு. அந்தக் காலத்து மருந்து பெரும்பாலும் கீமோ. சுமார் 2015-க்குப் பிறகு, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி வந்து களத்தையே மாற்றிவிட்டது. புது மருந்தோடும் இதே பலன் கிடைக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் 215 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024-ல் சிகாகோவில் நடந்த புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் வெளியானது. கூடுதல் பலன் இல்லை. நோய் அடங்கியிருந்த காலமும் கூடவில்லை, ஆயுளும் கூடவில்லை. பக்கவிளைவு மட்டும் கூடியது.

அப்படியானால் கதை முடிந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனாவில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ள 133 பேரில் ஒரு பிரிவுக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரையோடு ஆரம்பத்திலேயே எல்லா இடத்துக்கும் குறிவைத்த ரேடியேஷன் கொடுத்த ஆய்வில், நோய் அடங்கியிருந்த காலம் 12.5 மாதத்திலிருந்து 20.2 மாதமாக உயர்ந்தது. அந்த மாத்திரைகள் முதல் தலைமுறை. இன்று வழக்கில் உள்ள ஓசிமெர்டினிப் தனியாகவே சராசரியாக 18.9 மாதம் தாக்குப்பிடிக்கிறது. ஆக, மருந்து பலமாகப் பலமாகக் கத்திக்கும் கதிருக்கும் மிச்சமிருக்கும் வேலை சுருங்குகிறது என்பது ஒரு பக்கம். மருந்து நன்றாக வேலை செய்து, ஒரே ஒரு இடம் மட்டும் பிடிவாதமாக நிற்கும் நோயாளிக்கு அந்த ஓர் இடத்தை எடுப்பது நியாயமாகத்தான் தெரிகிறது என்பது மறுபக்கம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் பெற்றது ரேடியேஷன்தான், கத்தி பட்டவர்கள் சிலரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளைக்கும் முதுகெலும்புக்கும் வெளியே, பரவிய நுரையீரல் புற்றுநோயில் கத்தியைத் தனியாக எடுத்துச் சோதித்த பெரிய குலுக்கல் ஆய்வு இல்லை. இதைச் சொல்லாமல் "ஆபரேஷன் பண்ணினால் ஐந்து வருஷம் கேரண்டி" என்று யாராவது பேசினால், அங்கிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

மேஜைக்குப் போகும் முன்

உலகில் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாக வருகிறது. 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 81,000-க்கும் மேல். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பெட் ஸ்கேனில் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். புற்றுநோயும் உறிஞ்சும், காசநோய்க் கட்டியும் உறிஞ்சும். பழைய டி.பி. நெறிக்கட்டியைப் பார்த்துவிட்டு, நோய் பரவிவிட்டது, ஆபரேஷன் முடியாது என்று முடிவு கட்டினால், குணமாகியிருக்க வேண்டிய ஒருவரை நாமே நாலாம் ஸ்டேஜில் தள்ளிவிடுகிறோம். அட்ரீனலில் தீங்கில்லாத சாதாரணக் கட்டிகள் நிறைய பேருக்கு உண்டு. மறுபக்க நுரையீரலில் தெரிவது பரவிய நோயாக இல்லாமல் தனியாகத் தோன்றிய இரண்டாவது புற்றுநோயாகவும் இருக்கலாம். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. இந்திய நோயாளிகளில், அடினோகார்சினோமா வகையில், கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு மாத்திரையே பெரிய ஆயுதம், மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும். ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை பொறுக்க மனம் வராது என்பது புரிகிறது, ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும்.

பிறகு நுரையீரலின் பலம். வலது பக்கம் மூன்று மடல், இடது பக்கம் இரண்டு. ஒரு மடலை எடுத்தபின் மிச்சம் மூச்சுவிடப் போதுமா என்று ஊதச் சொல்லிக் கணக்குப் போடுவார்கள். மாடிப்படி ஏறச் சொல்லும் பழைய சோதனைக்கும் இன்னும் மரியாதை உண்டு. 22 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஏழு மாடி, நிற்காமல் ஏறிவிட்டால் பெரிய நெஞ்சறுவையைத் தாங்குவார் என்பது ஐரோப்பிய அறுவை சங்கங்களின் கணக்கு. மருந்துக்குப் பின் செய்யும் ஆபரேஷன் அறுவை மருத்துவருக்கும் சுலபமில்லை. கட்டி சுருங்கிய இடம் தழும்பாகி நுரையீரலின் பெரிய ரத்தக் குழாய்களோடு ஒட்டிக் கிடக்கும். சிறு துளையில் தொடங்கியதை நெஞ்சைத் திறந்து முடிக்க நேரலாம்.

குணமாக்காத ஆபரேஷன்கள்

நாலாம் ஸ்டேஜில் கத்தியால் நிச்சயமாக நன்மை பெறுபவர்கள் வேறு ஒரு கூட்டம். இவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை நசுக்கினால் கால் இரண்டும் போய்விடும். அதே பேட்செல் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நசுக்கும் கட்டியை உடனே வெட்டி எடுத்து ரேடியேஷனும் கொடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். நடக்க முடிந்த நாட்கள் 122-க்கு 13. தொடையெலும்பு அரித்துப்போய் உடையும் நிலையில் இருந்தால், உடையும் முன்பே உள்ளே கம்பி செலுத்திவிடலாம். நுரையீரலைச் சுற்றித் திரும்பத் திரும்ப நீர் கோத்தால், டால்க் பொடி தூவி ஒட்டவைக்கலாம், அல்லது மெல்லிய குழாய் பொருத்தி வீட்டிலேயே நீரை எடுக்கலாம். இவற்றால் புற்றுநோய் போகாது. ஆனால் மனிதர் மூச்சு முட்டாமல் படுத்துத் தூங்குவார், தானே எழுந்து கழிப்பறைக்குப் போவார்.

வலி நிவாரணச் சிகிச்சையும் கடைசி நாட்களுக்கானது மட்டுமில்லை. பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. நோய் தெரிந்த உடனேயே நிவாரணக் குழுவின் பார்வையில் வந்தவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். அதுவும் கடைசிக் காலத்தில் குறைவான கீமோவோடு.

எனவே வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால், நிலத்தை விற்பதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். பரவியதாகச் சொல்லப்படும் இடத்தில் சதைப் பரிசோதனை நடந்ததா? மரபணு ரிப்போர்ட் கைக்கு வந்ததா? ஆபரேஷன் முடிவை அறுவை மருத்துவர் ஒருவர் மட்டும் எடுத்தாரா, ரேடியேஷன் மருத்துவரும் மருந்து மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்த டியூமர் போர்டு எடுத்ததா? பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்தக் குழு கூடுகிறது. உங்கள் ஃபைலை அங்கே வைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

காத்திருக்கக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. நோயாளிக்குத் திடீரென்று கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் வந்தாலோ அடுத்த ஓ.பி. நாள்வரை பொறுக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.